சிலிப்பரின் மேல்பக்கம்

சிம்பாங் பூலாய்
27 ஆகஸ்ட் 2024

அண்ணே,

நேற்று சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் காலி நாற்காலி. வார்டர் வந்து, "ஒங்க அண்ணன் வரமாட்டேன்னு சொல்றாரு லா" என்றார். போன வாரம் அம்மா வந்தபோது வந்தாய். சிரித்தாய் என்றுகூட அம்மா சொன்னார். எனக்கு மட்டும் ஏன் காலி நாற்காலி?

பேச மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

புந்தோங் வாடகை அறையைக் காலி செய்துவிட்டேன். அம்மாவோடு தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்தே ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்கிறவள். ஆனால் உன் ஃபைலைத் தொடக்கூடாது என்கிறார்கள். கலாதேவி மேடம்தான் உனக்காக நிற்பார். நீ அவரிடமும் பேசவில்லையாம்.

போலீஸ் சொல்வது: தீமிதிக்கு முந்தைய நாள் மத்தியானம், மழை விட்ட நேரம். கல்குவாரியின் லாரி எடைமேடைக் கொட்டகையில் காவல்காரர் ராமையாவை யாரோ தாக்கியிருக்கிறார்கள். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம், நம் மாரியம்மன் கோயில் மணியை அவர் கழற்றிக் கொட்டகையில் வைத்துக்கொண்டதற்காக எல்லார் முன்னாலும் நீ அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். கொட்டகை வாசலில், வெள்ளைச் சேற்றில் ஒரு சிலிப்பர் தடம். நம் வீட்டு வாசலில் கிடந்த உன் சிலிப்பரோடு அது பொருந்துகிறது. மணி அன்று சாயங்காலமே கோயில் படிக்கு வந்துவிட்டது.

நீ சொல்வது: ஒன்றும் இல்லை.

நான் கேட்பது: உன் கையில் காப்பு இருந்தது. காப்பு கட்டினவர்கள் தீ மிதிக்கிறவரை செருப்பு போடுவதில்லை. இது ஏன் எந்த வாக்குமூலத்திலும் இல்லை?

சாந்தினி


1 செப்டம்பர்

சாந்தினி,

கடிதம் திறந்துதான் வந்தது. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஆபீசர் ஒருத்தர். அவர் படித்த பிறகுதான் எனக்கு. "தங்கச்சி நல்லா எழுதுது. ஆனா ரொம்ப கேள்வி" என்றார். உன்னை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட ஆள் இவர்தான்.

கண்ணாடிக்கு ஏன் வரவில்லை என்றால் அதுதான். நீ கேட்பாய். அம்மா கேட்காது. அம்மா வந்து உட்காரும், நான் அம்மாவைப் பார்ப்பேன், நேரம் முடியும்.

காப்பு கட்டியிருந்தும் செருப்பு போட்டேன் என்று வைத்துக்கொள். மழை பெய்தது. வழியெல்லாம் கல். போட்டேன். சாமிக்கும் எனக்கும் உள்ளது, அங்கே வழக்கறிஞர் வேண்டாம்.

என் மோட்டார்சைக்கிள் செயினுக்கு ஆயில் போடு. துரு பிடித்துவிடும். டயர் கடை முதலாளி என் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசினால் நீ பேசாதே. அம்மாவின் சிலிப்பர் வார் அறுந்து பின்பக்கம் கிடக்கிறது. புதுசு ஒன்று வாங்கிக் கொடு. ஏழாம் நம்பர்.

இனி காப்பைப் பற்றி எழுத வேண்டாம்.

பவித்ரன்


சிம்பாங் பூலாய்
4 செப்டம்பர்

அண்ணே,

சிலிப்பர் வாங்கிக் கொடுத்தேன். செயினுக்கு ஆயில் போட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள்.

ஒரு வழக்கில் பிடிபடும் பொருள் எல்லாம் ஒரே எடை இல்லை. இங்கே எல்லாவற்றையும் 'பாராங் கேஸ்', வழக்குப் பொருள், என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் பொருளுக்கு வகை உண்டு.

ஒரு கூட்டத்தைக் காட்டுகிற பொருள் வகைச் சான்று. வெள்ளைச் சேறு அப்படி. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அதை வீட்டுக்குள் மிதித்துக்கொண்டு வருகிறார்கள். பத்தாம் நம்பர் ஜப்பான் ரப்பர் சிலிப்பரும் அப்படி. புந்தோங் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது.

ஒன்றே ஒன்றைக் காட்டுகிற பொருள் தனிச் சான்று. உன் வலது சிலிப்பரின் அடியில் நீயே கடையில் வைத்து ஒட்டின டயர்த் துண்டு. ஒரு ஓரம் பிய்ந்தது. உலகத்தில் அப்படி ஒன்றுதான் இருக்கும். உன் சிக்கனம் உன்னை மாட்டிவிட்டது.

ஆனால் அது சிலிப்பரைத்தான் காட்டும். உள்ளே இருந்த காலைக் காட்டாது.

இன்னொரு வகை உண்டு. சூடு, ஈரம், வாசனை, காயம். உடனே பார்த்து எழுதி வைக்காவிட்டால் போய்விடும். மறையும் சான்று. உன் உள்ளங்கால் அது. குவாரிப் பாதையில் நாள் கணக்காக வெறுங்காலோடு நடந்தாய். உன்னைப் பிடித்துக்கொண்டு போனபோது நொண்டினாய். பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். கல் குத்திச் சீழ் வைத்திருந்தது என்று அம்மாவும் சொன்னார். சிறை டாக்டரிடம் காட்டு. அவர் எழுதட்டும். நாளைக்கே. தோல் மூடிவிட்டால் நமக்கு ஒன்றும் இல்லை.

இது கேள்வி இல்லை. கெஞ்சல்.

சாந்தினி


13 செப்டம்பர்

சாந்தினி,

டாக்டரிடம் போனேன். கால் வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புண் ஆறிவிட்டது. காய்ந்த தோலை நானே உரித்துப் போட்டேன். நீ சொன்ன அந்த வகை இப்போது இல்லை.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ யாரையும் கேட்காமல் ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கிறாய். மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கவில்லை. நான் செருப்பு போடவில்லை என்று நீ நிரூபித்தால் அடுத்த கேள்வி என்ன? நீ படித்தவள். யோசி. யோசித்துவிட்டு, எழுதாமல் இரு.

இந்தக் கடிதத்தையும் அந்த ஆபீசர் படிப்பார். அவரும் யோசிப்பார்.

ராமையா எப்படி இருக்கிறார்?

பவித்ரன்


சிம்பாங் பூலாய்
3 அக்டோபர்

அண்ணே,

ராமையா இறந்துவிட்டார். ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை.

குற்றச்சாட்டு மாறும். கொலை. தூக்கு கட்டாயம் இல்லை என்று சட்டம் மாறியிருக்கிறது. தூக்கு இல்லையென்றால் முப்பது வருஷத்துக்குக் குறையாது.

அம்மா சாவு வீட்டுக்குப் போனார். தடுத்தேன். கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். கூடாரத்தின் கீழே ஆண்கள் பேச்சு நின்றது. யாரோ சத்தமாகவே, "மவன் உள்ள, தாயாரு இங்க. நல்லா இருக்கு லா" என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ராமையாவின் மனைவி புஷ்பலதா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். புஷ்பலதா அக்கா அவரைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. சவப்பெட்டியை எடுக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டார்: "ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"என்னா கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நான் வேலைக்குக் கிளம்பும்போது. துணி மடிக்கும்போது. 'ஒண்ணும் கேக்கலயா?' நீ ஏதாவது கேட்டு எழுதியிருக்கிறாயா என்று விசாரிக்கிறார் போல. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நீ யோசிக்கச் சொன்னாய். யோசிக்கப் பயமாக இருக்கிறது.

சாந்தினி


11 அக்டோபர்

சாந்தினி,

செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இங்கே கெட்ட செய்தி மட்டும் திறக்காமல் வரும்.

ராமையா கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் அவரும் இந்த எஸ்டேட்டில் பால் வெட்டினவர்தான். ரப்பர் போய்க் குவாரி வந்தது. குவாரிக்காரர்கள் சீருடை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டார். மணியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். அவ்வளவுதான்.

கலாதேவி மேடம் வந்தார். இந்த முறை பேசினேன். கொலை இல்லை, கொல்லும் எண்ணம் இல்லாமல் நடந்தது என்று ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டைக் குறைக்க அரசுத் தரப்பு சம்மதிக்கலாம் என்றார். ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "நடந்தத சொல்லுங்க பவித்ரன்" என்றார். தள்ளினேன், விழுந்தார் என்றேன். எந்தக் கையால் தள்ளினீர்கள் என்றார். அதற்கு நான் தயாராக இல்லை.

அவரும் உன்னைப் போலத்தான்.

நவம்பர் பதினெட்டு கோர்ட். அன்று முடிந்துவிடும். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொள். வேறு ஒரு வேலையும் உனக்கு இல்லை.

பவித்ரன்


சிம்பாங் பூலாய்
20 அக்டோபர்

அண்ணே,

அரசுத் தரப்பு கொடுத்த படங்கள் மேடத்திடம் வந்துவிட்டன. 'ஒங்க அண்ணன் ஏதோ மறைக்கிறாரு. நீ பாத்தா தெரியுதான்னு பாரு' என்று மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

உன் சிலிப்பரின் அடிப்பக்கத்தைத்தான் பல கோணங்களில் எடுத்திருக்கிறார்கள். அளவுகோல் வைத்து, டயர்த் துண்டைப் பெரிதாக்கி. ஆய்வு அறிக்கையும் அடிப்பக்கத்தைப் பற்றித்தான். பொருந்துகிறது. முற்றும்.

கடைசிப் படம் வேறு. நம் வாசலில், பையில் போடுவதற்கு முன்னால் எடுத்தது. சிலிப்பர் நிமிர்ந்து கிடக்கிறது. மேல்பக்கம் தெரிகிறது. அதை யாரும் பார்க்கவில்லை. அதில் அளவுகோல்கூட இல்லை.

மழைச் சேறு காலுக்கும் சிலிப்பருக்கும் நடுவே புகுந்து காய்ந்திருக்கிறது. ஒரு பாதம். சிலிப்பரைவிடச் சின்னது. பின்னால் குதிகாலுக்கு அப்பால் நிறைய இடம் காலி. முன்னால் ஐந்து விரல். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம்.

உனக்கு அப்பாவின் கால். கட்டை விரல்தான் பெரிது. நம் அப்பா பத்துமலையின் காலுக்குச் செருப்பு செய்ய ஒரு மாடு போதாது என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

மேசைக்குக் கீழே என் செருப்பைக் கழற்றினேன். பார்த்தேன்.

படத்தில் இருப்பது என் கால்.

நான் அன்று ஈப்போவில் அலுவலகத்தில் இருந்தேன். என்னைப் போன்ற கால் இந்த வீட்டில் இன்னும் ஒருவருக்கு உண்டு. வார் அறுந்த சிலிப்பரைப் பின்பக்கம் போட்டுவிட்டு, வாசலில் சும்மா கிடந்ததைப் போட்டுக்கொண்டு போகிறவர். நம் வீட்டில் யார் செருப்பை யார் போடவில்லை?

கயிற்றின் மறுமுனையைப் பார்த்துவிட்டேன். படத்தைத் திருப்பி வைத்தேன். மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை.

வகை என்று பார்த்தால் இந்தக் கால் இரண்டு பேரைக் காட்டுகிறது. யாருடையது என்று தீர்மானிக்க முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சாந்தினி


26 அக்டோபர்

சாந்தினி,

ஏன் எழுதினாய்? இதை மூன்றாவது ஆள் படிக்கிறார் என்று எத்தனை தடவை சொன்னேன். கடிதத்தைக் கொடுக்கும்போது ஆபீசர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் யாரிடமாவது சொல்லுவாரா தெரியவில்லை. இரண்டு நாளாகக் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறேன்.

தீர்மானிக்க முடியாது என்று நீயே எழுதிவிட்டாய். அங்கேயே நில். அப்படியே விடு. படம் ஃபைலுக்குள் இருக்கட்டும். அவர்கள் பார்க்கவில்லை, இனியும் பார்க்கமாட்டார்கள். பதினெட்டாம் தேதி நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

எனக்கு முப்பத்தொன்று. உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தாலும் கொஞ்சம் வயது மிச்சம் இருக்கும். அவங்களுக்கு இருக்காது. இது கூட்டல் கழித்தல். இதற்குச் சட்டம் தேவையில்லை.

யாரிடமும் எதுவும் கேட்காதே. இது கெஞ்சல்.

பவித்ரன்


சிம்பாங் பூலாய்
5 நவம்பர்

அண்ணே,

கேட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு நம் வாசலில் கோலம் இல்லை. மறுநாள் காலையில் அம்மா சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் என் பையில் இருந்தது. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, அன்னிக்கு அண்ணன் சிலிப்பர போட்டுக்கிட்டு கொட்டகைக்குப் போனது நீயா?"

"ஆமா" என்றார். வெங்காயத்தைக் கீழே வைத்தார். "இத கேக்க ஒனக்கு இவ்ளோ நாளாச்சு."

"நீயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி சொல்றது? அவரு கண்ணு தொறக்கலன்னு கேட்டதும் அவன்கிட்ட சொன்னேன். கோயில்ல நிக்க வச்சு, காப்பு கட்டுன கையால என் கைய புடிச்சு சத்தியம் வாங்கிட்டான். நானா வாயத் தொறந்து யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. கேட்டா சொல்லாதன்னு அவன் சொல்லல. போலீஸ்காரன் கேக்கல. அந்த லாயரம்மா கேக்கல. சாவு வீட்டுல புஷ்பலதா கேப்பான்னு போயி ஒக்காந்தேன். அவளும் கேக்கல. நீ படிச்சவ. தெனம் ஒன் மொகத்த பாத்து, ஒண்ணும் கேக்கலயா, ஒண்ணும் கேக்கலயான்னு நானே கேட்டேன். நீ சாப்பாட்ட பாத்த, ஃபைல பாத்த."

பிறகு சொன்னார். மழை விட்டதும் மணியை எடுக்கப் போனாராம். நீ வேப்பிலை ஒடிக்கப் போயிருந்தாய். "நாளைக்கு தீமிதி. மணி இல்லாம என்னா பூச? பாத்தாக்க மூலையில சும்மா கெடக்கு. குடுங்கண்ணேன்னு கேட்டேன். ஆர்டர் இல்லன்னாரு. நான் தூக்கிட்டேன். கைய புடிச்சு முறுக்குனாரு. தள்ளுனேன். சேத்துல வழுக்கி அந்த எடமேட இரும்புல போயி விழுந்தாரு. எந்திரிச்சு ஒக்காந்து திட்டுனாரு. அவ்ளோ திட்டுற மனுசனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு வந்துட்டேன். வந்திருக்கக்கூடாது."

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். படம் எப்படி இருந்தது என்றும் சொன்னேன். யாருடைய கால் என்று தீர்மானிக்க முடியாது, அப்படியே விட்டுவிடலாம் என்று நானும் சொன்னேன். நானும்தான், அண்ணே. உன்னை மட்டும் சொல்லவில்லை.

அம்மா எழுந்து கோலமாவு டப்பாவை எடுத்தார். சிமெண்ட் தரையில் கொட்டிக் கையால் பரப்பினார். வலது காலை வைத்து எடுத்தார். "நீ வை" என்றார். பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. நீளமான இரண்டாவது விரல். அதே வளைவு. ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அம்மா குனிந்து பார்த்தார். தன் குதிகால் பதிந்த இடத்தைத் தொட்டார். அங்கே மூன்று கோடு. வெடிப்பு. என் குதிகாலில் ஒன்றும் இல்லை. ஏசி அறையில் உட்காருகிற கால்.

"அந்தப் படத்துல கோடு இருக்கா?"

இருந்தது. அண்ணே, நான் அதை முதல் நாளே பார்த்தேன். உனக்கு எழுதவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"அப்ப இது எனக்குத்தான். ஒன் கால எதுக்கு உள்ள கொண்டாற?" என்றார். துடைப்பத்தை எடுத்து இரண்டு தடத்தையும் பெருக்கினார். "ரெண்டு புள்ளைங்களும் சேந்து என்னைய ஒளிச்சு வச்சா, நான் எங்கதான் போறது?"

நேற்று கலாதேவி மேடத்தோடு ஸ்டேஷனுக்குப் போனோம். படியில் அம்மா சிலிப்பரைக் கழற்றினார். நீ வாங்கச் சொன்ன புதுசு. வாசலில் நின்ற போலீஸ்காரர், "போட்டுக்கிட்டே வாங்கம்மா, கோயிலா இது?" என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்தார். வெறுங்காலோடு உள்ளே போனார்.

சாயங்காலம்வரை விசாரித்தார்கள். அம்மாவை வைத்துக்கொண்டார்கள். மேடம் சொல்வது: விழுந்தவர் எழுந்து பேசிவிட்டுப் பிறகுதான் நினைவிழந்திருக்கிறார், கொலை என்று நிற்காது, நிறைய வாதாட இடம் இருக்கிறது, உன்னை விடுவிக்க மனு போடுகிறார். எதுவும் உறுதி இல்லை.

நான் வெளியே வந்தபோது சிலிப்பர் படியிலேயே கிடந்தது. எடுத்து வந்தேன்.

சாந்தினி


12 நவம்பர்

சாந்தினி,

ஆபீசர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு காபி வாங்கி வந்து கம்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

உன்மேல் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். நீ என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தால் கடைசிவரை பொய்தான் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் கேட்டாய். எனக்கு அது தோன்றவே இல்லை. வாயை அடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அந்தச் சிலிப்பரைக் கொண்டுபோய்க் கொடு. உள்ளே தரை சிமெண்ட், காலையில் ஏறுகிற குளிர் முட்டிவரை நிற்கும். அம்மாவாகக் கேட்காது. நீதான் அதிகாரியிடம் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. கண்ணாடிக்கு வருகிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே எழுதுகிறேன். இதை மேடத்திடம் சொல். ராமையா கையை முறுக்கினார் என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். என்னிடம் அம்மா அதைச் சொல்லவில்லை. சொல்ல நான் விடவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்திருக்கும். கன்றிப் போயிருந்திருக்கும். இந்நேரம் ஒன்றும் இருக்காது. நீ சொன்ன அந்த மறையும் வகை.

அன்று கோயிலில் சத்தியம் வாங்கும்போது அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு தடவை கையை இழுத்தது. நான் விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

குனிந்து பார்க்கவில்லை.

பவித்ரன்